கையில் எடுத்த இரத்தம், காலின் கதை

மகேசின் அப்பாவுக்கு,

நீங்கள் உயிரோடு இருந்தபோதே உங்கள் பேரை நான் சொன்னதில்லை. இப்போதும் எழுத மாட்டேன். யாருக்கு எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

கலஹாவில் நம் லயத்து வீட்டிலிருந்து தேயிலை மலைக்கு ஏறும்போது நான்கு திருப்பத்தில் நிற்பீர்கள். பீடி பற்றவைக்கிற மாதிரி ஒரு பாவனை. கெண்டைக்கால் வலி அடங்கியதும் மறுபடி நடப்பீர்கள். "என்னப்பா, நடுவழியில சாமி வந்துருச்சா?" என்று கங்காணி கேட்ட அன்று சிரித்தவர்களின் பேரை வரிசையாக இன்றைக்கும் சொல்வேன்.

இப்போது நம்ம மகேசும் நிற்கிறான். கெலிஓயாக் கடைத்தெருவில் கடைக்குக் கடை, சாமான் பார்க்கிறவன் போல. போன மாதம் புடவைக் கடை வாசலில் நின்று சேலை பார்த்தான்.

"யாருக்குடா சேலை?"

"சும்மா இரும்மா. வாதம். தைலம் போட்டாப் போயிரும்."

வீட்டுக்கு வந்ததும் அவன் பாதத்தைத் தொட்டேன். அதே குளிர். உங்கள் கால் அப்படிக் குளிர்ந்தபோது நான் என்ன செய்தேன்? உப்பை வறுத்துத் துணியில் கட்டிப் பாதத்தில் வைத்தேன். சுடுகிறது என்று நீங்கள் சொல்லவேயில்லை. மரத்த காலுக்குச் சூடு தெரியாது என்று எனக்கும் தெரியவில்லை. வெந்த புண் கறுத்து, முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம்தான் இருந்தீர்கள்.

மகேசைப் பேராதனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்தார்கள். காலுக்குப் போகிற இரத்தக் குழாய் சுருங்கியிருக்கிறதாம். பிறகு ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் பிள்ளை, ஆராய்ச்சிக்கென்று அவன் கையில் இரத்தம் எடுத்தாள்.

"வலி கால்ல. கையில ஏன் குத்துறீங்க?" என்றேன்.

"கால் குழாய் அடைபட்டா அதின்ர அடையாளம் இரத்தத்தில தெரியும் அம்மா. இரத்தத்தை மட்டும் வச்சு இந்தக் கால் வருத்தத்தைக் கண்டுபிடிக்கலாமோ எண்டு பாக்கிறம். இன்னும் முடிவாகேல்லை."

எட்டிப் பார்த்தேன். சுண்டுவிரல் அளவுக் குப்பியில் கொஞ்சம் இரத்தம். அட்டை கடித்து உங்கள் காலில் வழிந்ததை எத்தனை தடவை துடைத்திருக்கிறேன்! அதற்குள்ளே இவ்வளவு சேதி இருந்ததா? அந்த நான்கு திருப்பத்திலும் அது சொல்லிக்கொண்டேதான் ஓடியதா?

நோய் இல்லாதவர்களின் இரத்தத்தையும் ஒத்துப் பார்க்க வேண்டுமாம். "எனக்கும் எடுங்க" என்று கையை நீட்டினேன். அந்தப் பிள்ளை என் கணுக்காலைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அம்மா, உங்கட கால் நாடி குதிரை மாதிரி ஓடுது!"

மகேசின் கால் தப்பும் என்கிறார்கள். மாத்திரை போட வேண்டும், சிகரெட்டைத் தொடக் கூடாது, தினமும் நடக்க வேண்டும். வலித்தால் நின்று, மறுபடி நடக்க வேண்டும்.

கங்காணியை நான் மன்னிக்கவில்லை. உப்பு வறுத்த கையையும்தான். ஆனால் இது சத்தியம்: தினமும் அவனோடு நடப்பேன். அவன் நிற்கிற இடத்திலெல்லாம் நானும் நிற்பேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும், பேரை ஞாபகம் வைத்துக்கொள்கிறேன். இந்தக் காலை எடுக்க விடமாட்டேன்.

உங்கள் மகேசின் அம்மா