மழையில் போன ஹோம் ரன்

2025 ஏப்ரல் 22, செவ்வாய்

லிந்துலையிலிருந்து ஹட்டன் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, ஒபிஸில் உட்கார்ந்ததும் கையில் கிடைத்தது கோழி கிறுக்கியது போல் ஒரு தாள். 1926 ஏப்ரலில் அமெரிக்காவில் நடந்த பேஸ்போல் மேட்ச். சீசன் தொடங்கி நாலாம் நாள். இப்படிப் பழைய ஸ்கோர் தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் எங்கள் வேலை. கட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற நம்ம எல்லே மாதிரிதான் விளையாட்டு, ஆனால் எழுதி வைத்திருக்கிற லட்சணம்! ஏற்றினேன். பிழை என்று திரும்பி வந்துவிட்டது.

தகுதிகாண் காலம் முடிய இன்னும் எட்டு நாள். மூன்று தடவை திரும்பினால் வேலை இல்லை. பிறகு நானும் அம்மாவோடு கொழுந்து பறிக்கத்தான் போக வேண்டும்.

ஏப்ரல் 23, புதன்

அதே தாள், மறுபடியும் திரும்பியது. சூப்பர்வைசர் றமணன் அண்ணா வந்து பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சத்தம் போட மாட்டார். நாலாவது சுற்றில் மழையாம். ஐந்து சுற்று முடியாவிட்டால் அந்த மேட்ச் நடக்கவே இல்லை என்று அர்த்தமாம்.

"உது கணக்கில இல்லைப் பிள்ளை. அழிச்சுப்போட்டு அடுத்ததை எடும்."

"ஹாலொரன்னு ஒருத்தன் ஹோம் ரன் அடிச்சிருக்கானேண்ணா?"

"அதுவும் மழையோட போச்சு."

தேடிப் பார்த்தேன். அந்த ஹாலொரன் மொத்தமே பதினொரு மேட்ச்தான் விளையாடியிருக்கிறான். கிரிக்கெட் சிக்ஸர் மாதிரியான இந்த ஹோம் ரன் வேறு ஒன்றுகூட இல்லை. ஆயுசுக்கும் ஒண்ணே ஒண்ணு, அதையும் நான் அழிக்கணுமா? அழிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

இங்கேயும் மழை. பத்தரைக்கே, கொழுந்து மலையை மேற்பார்க்கிற கண்டாக்கு நல்லமுத்து எல்லோரையும் மலையிலிருந்து இறக்கிவிட்டார்.

"பேரு விழுந்துச்சாம்மா?" பேர் விழுந்தால்தானே அன்றைய கூலி, சாயங்காலம் வந்ததும் கேட்டேன்.

"அரைப் பேருகூட இல்லையாம். பதினோரு மணி ஆகலையாம்."

ஏழு மணியிலிருந்து அட்டைக்கடியில் நின்று பறித்தவள் இன்றைக்கு வேலைக்கே வரவில்லையாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹாலொரன் கதையைக் கத்திக் கத்திச் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"பறிச்ச கொழுந்த மட்டும் எடுத்துக்கிட்டாங்கல்ல," என்றாள். கொஞ்சம் கழித்து, "அந்த வெள்ளக்காரனுக்கு நீயாவது பேரு போட்டுரு."

ஏப்ரல் 25, வெள்ளி

குறிப்பு என்ற கட்டத்திலாவது எழுதலாம் என்று பார்த்தேன். நடக்காத மேட்சுக்கு அந்தக் கட்டமே திறக்காது. சே!

ஏப்ரல் 28, திங்கள்

"ஒரு தாளுக்காக உம்மட வேலையை விடப்போறீரோ?" றமணன் அண்ணா கோபமில்லாமல் கேட்டார். கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன்.

அழித்தேன். ஒரு செக்கன்கூட ஆகவில்லை. யாரைத் திட்டுவது? நான்தானே அழித்தேன்.

ஏப்ரல் 30, புதன்

வேலை நிரந்தரம். கடிதத்தோடு வந்தால் எங்கள் லயத்து வீட்டு வரிசையே கலகலவென்று இருக்கிறது. பக்கத்துக் காம்பரா காளியாயி அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஒங்கம்மா என்ன செஞ்சா தெரியுமா? காலையில பெரட்டுல, வியாழக்கிழமைக்குப் பேரு போடாம மலை ஏற மாட்டேன்னு உக்காந்துட்டா. நாங்க பன்னெண்டு பேரும் கூடவே உக்காந்துட்டோம்."

பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற அந்தப் பெரட்டுக் களத்தைவிட்டு எட்டரை வரை யாரும் அசையவில்லையாம். கண்டாக்கு தோட்டத் துரைக்குப் போன் பண்ணினாராம். எல்லோருக்கும் அரைப் பேர் விழுந்திருக்கிறது.

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஒன் வெள்ளக்காரன் கதையத்தான் கண்டாக்கையாகிட்ட சொன்னேன். நூறு வருசத்துக்கு முந்தி மழையில போனவனுக்கே எம் மக பேரு போடுறா, ஒங்களுக்கு என்னான்னு கேட்டேன்."

நான் கடிதத்தை மடித்தேன்.

"போட்டுட்டதானே?" என்றாள்.

"போட்டாச்சும்மா."

உள்ளே வந்து இந்த நாட்குறிப்புக் கொப்பியைத் திறந்தேன்.

ஹாலொரன். 1926 ஏப்ரல். மூன்றாம் சுற்று. ஹோம் ரன் ஒன்று.