ஒரு கைக்கு ஏழு நொடி

மார்ச் 3, செவ்வாய்

மோட்டார் பட்டறையில் எட்டு மணி நேரமும் நின்றபடியே வேலை. வீட்டுக்கு வந்தால் அக்கா கதவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கவாதத்தில் அவளுக்கு வலது கை விழுந்தபின், சாவி திருப்ப வேண்டாமே என்று பேட்டரியில் ஓடும் மின்தாழ் வைத்தேன். பொத்தானை அழுத்தினால் சுருள் தாழை இழுக்கும், விட்டால் பூட்டிக்கொள்ளும். அழுத்த ஒரு கை, கதவை இழுக்க ஒரு கை.

“கையை எடுத்தா பூட்டிக்குதுடா” என்றாள். ஒரு மாதமாக இப்படித்தானாம், தனியாக வெளியே போகவே முடியவில்லையாம். எனக்கு ஏன் தோன்றவில்லை?

மார்ச் 7, சனி

அசதி. ஒன்றும் செய்யவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

பொத்தானை விட்ட பிறகும் தாழ் நான்கு நொடி விலகியே இருக்க வேண்டும், அவ்வளவுதான். டைமர் ஐசி, கெப்பாசிட்டர், ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர் எல்லாம் சேர்த்து ஒரு சுற்று கட்டினேன். இரண்டு முறை வேலை செய்தது. மூன்றாவதில் டிரான்சிஸ்டர் போய்விட்டது. சுருளில் மின்சாரம் நிற்கும்போது திருப்பி உதைக்கும், அதைத் தாங்கக் குறுக்கே ஒரு டயோடு போட வேண்டும். பட்டறையில் எல்லாருக்கும் இதைச் சொல்கிறவனே நான்தான்.

மார்ச் 12, வியாழன்

டயோடு வாங்க மறந்துவிட்டேன். நேற்றும்.

மார்ச் 15, ஞாயிறு

வெள்ளியன்று வாங்கிய டயோடு சட்டைப் பையிலேயே கிடந்தது. துவைக்க எடுத்த அக்கா அதை மேசையில் வைத்தாள்.

“வெளிய போனா விழுந்துடுவேன்னு பயப்படுறியா?”

இல்லை என்றேன்.

“ரோட்ல விழுந்தா யாராவது தூக்குவாங்க. இங்க உக்காந்தே இருந்தா யாருடா தூக்குவா?”

களைப்பு என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். களைப்பும் பொய்யில்லை. ஆனால் அவள் உள்ளே இருக்கிறாள் என்ற தைரியத்தில்தானே பட்டறையில் நிம்மதியாக நின்றேன்? சீ.

உட்கார்ந்து புது டிரான்சிஸ்டரையும் டயோடையும் பற்றவைத்தேன். நான்கு நொடி அவளுக்குப் போதவில்லை. ரெசிஸ்டரை மாற்றி ஏழாக்கினேன். திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பதினோரு முறை. பேட்டரி தீர்ந்துவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

மார்ச் 18, புதன்

மதியமே வந்துவிட்டேன். அக்கா வீட்டில் இல்லை. தேடிப் போகச் செருப்பை மாட்டினேன். தெருமுனை வரை போனேன். திரும்பி வந்து செருப்பைக் கழற்றினேன். சும்மா சாயலாம் என்று படுத்தவன் அப்படியே தூங்கிப்போனேன்.

எழுந்தபோது அடுக்களையில் பாத்திரச் சத்தம். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.