மூன்றாவது ஒட்சிசன்

பண்டாரவளை,
1972 ஆகஸ்ட்.

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மனைவி றஷீதா எழுதிக்கொள்வது. இங்கே நானும் வாப்பாவும் உம்மாவும் சுகம். பதுளையில் மாமியும் சுகம் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டேன் என்று எழுதுவதிலிருந்தே நான் உங்கள் வீட்டில் இல்லை என்பது விளங்கியிருக்கும். பெட்டியைக் கட்டிக்கொண்டு வாப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் கடிதத்துக்குப் பதில் வராததற்குக் காரணம் தபாற்கந்தோர் அல்ல, நான்தான்.

டோக்கியோவில் பஸ் எஞ்சின் பயிற்சியை இன்னும் ஆறு மாதம் நீடித்துத் தருகிறார்கள், உன் சம்மதம் இல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் பதிலைச் சொல்ல முடியாது.

உங்கள் கடிதத்தை வழக்கம்போல மாமிக்கு உரக்க வாசித்தேன். பக்கத்து வீட்டு ஸித்தி ஸுபைதாவும் வந்திருந்தாள். பதுளை டிப்போ பஸ் எஞ்சினுக்கும் அங்குள்ள எஞ்சினுக்கும் உள்ள வித்தியாசம், சீனி போட்ட மீன்கறி, குளிக்கும் தொட்டி எல்லாவற்றையும் வாசித்து முடித்தேன். பிறகு இந்த வரி வந்தது: “மத்தியானத்தில் நானும் மொழிபெயர்க்கும் மிஸ் கியோக்கோவும் பூங்காப் பக்கம் நடந்து போனால் கண்ணெரிச்சல் தாங்க முடியாது.”

மாமி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “ஆருக்கு மகள் கண்ணெரிச்சல்? பாக்குறவங்களுக்கா?” என்று கேட்டார். ஸித்தி ஸுபைதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நீங்களே சொல்லுங்கள், தமிழ் தெரிந்த யார்தான் வேறு விதமாக விளங்கிக்கொள்வார்கள்? ஊரே பார்த்துப் பொறாமைப்படும்படி சோடியாக நடக்கிறீர்கள், அதைப் பெருமையாக எனக்கே எழுதுகிறீர்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அந்த வரியோடு கடிதத்தை மடித்துவிட்டேன்.

மிச்சத்தை அறைக்குள் போய்த் தனியாக வாசித்தேன். வாகனங்கள் விடும் காற்றினால் கண் எரிகிறது, டிப்போவில் வெல்டிங் அடிக்கும்போது மூக்கில் ஏறும் வாசனை போல ஒன்று வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஒட்டுப் போட்ட பொய் என்று முடிவு செய்தேன். காரணமில்லாமல் அல்ல. வாகனங்கள் நெருக்கியடிக்கும் காலையில் கண் எரிவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வாகனம் குறைந்த மத்தியானத்தில்தான் எரிகிறதாம். பெருந்தெரு ஓரத்தைவிட மரம் நிறைந்த பூங்காவில் கூடுதலாக எரிகிறதாம். மப்பும் மழையுமான நாட்களில் எரிவதே இல்லையாம். அந்த நாட்களில் நீங்களும் மிஸ் கியோக்கோவும் நடக்கப் போவதில்லை. அப்படியானால் அது என்ன புகை? அவள் வரும்போது வந்து, அவள் போகும்போது போகிற புகை! மறுநாள் பஸ் ஏறிவிட்டேன்.

மாமி சும்மா இருக்கவில்லை. பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் நம் தெரு ஜெனீரா டீச்சரை அனுப்பிவைத்தார். அவர் வாப்பாவின் துணிக்கடைக்கு வந்து, சீத்தைத் துணி பார்ப்பதுபோல நின்றார். உங்கள் பொய்க்கு ஒரு சாட்சி வேண்டுமென்று கடிதத்தை அவர் கையில் நானே கொடுத்தேன். வாசித்துவிட்டுக் கடையில் ஆட்கள் நிற்பதையும் பார்க்காமல் சிரித்தார். “என்ன புள்ள, ஒன்ட மாப்புளட கண்ணு எரிஞ்சதுக்கு நீ பெட்டி கட்டினியா?” என்று கேட்டார்.

நான் பொய் என்று குறித்து வைத்த ஒவ்வொன்றும் உண்மை என்று அவர் சொன்னார். காலையில் வாகனங்கள் விடுவது வெறும் கச்சாப் பொருள்தானாம். எஞ்சின் சூட்டில் உண்டாகும் நைதரசன் வாயுவும், எரியாமல் தப்பிய பெற்றோல் ஆவியும் காற்றில் நிற்குமாம். வெயில் ஏறிச் சில மணி நேரம் அதை வேகவைத்த பிறகுதான் கண்ணை எரிக்கும் சரக்கு உண்டாகுமாம். அதனால்தான் மத்தியானம். மப்பு நாளில் வெயிலில்லை, ஆகவே எரிச்சலும் இல்லை. பூங்காவில் ஏன் கூடுதல் என்றும் கேட்டேன். தெருவோரத்தில் அப்போதுதான் வெளிவரும் புகை அந்தச் சரக்கைத் தின்றுவிடும், காற்று அடித்துக்கொண்டு போன இடத்தில்தான் அது தங்கும் என்றார். சுற்றிவர மலையிருந்து காற்றும் அசையாவிட்டால் இன்னும் மோசமாம். பதுளையிலும் மலை இருக்கிறதே என்றேன். நம் டிப்போவின் பஸ்கள் அதற்குப் போதாது என்றார்.

கண்ணை எரிக்கும் அந்தச் சரக்கின் பெயர் ஓசோன். நாம் சுவாசிக்கும் ஒட்சிசன் இரண்டிரண்டாகச் சேர்ந்து சோடியாகத்தான் இருக்குமாம். வெயில் பட்டு நைதரசன் வாயுவிலிருந்து ஓர் ஒட்சிசன் தனியாகக் கழன்று வருமாம். அது சும்மா இராமல் ஒரு சோடியோடு போய் ஒட்டிக்கொள்ளுமாம். மூன்றானதும் நல்லது கெட்டதாகி, கண்ணையும் நெஞ்சையும் அரிக்குமாம். தானாக விட்டால் கழன்றது திரும்பிப் போய்விடும், பெற்றோல் ஆவி இடையில் புகுந்து போகவிடாமல் பண்ணுகிறது என்றும் சொன்னார். விளங்கிச்சா புள்ள என்று கேட்டார். இந்தப் பாடத்தை எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை டீச்சர் என்றேன்.

ஆகவே உங்கள் காற்றை நம்புகிறேன். ஆனால் அதே கடிதத்தின் அடியில், கண்ணைத் திறக்க முடியாமல் நின்றபோது மிஸ் கியோக்கோ தன் கைக்குட்டையை நனைத்துத் தந்தார் என்றும் இருக்கிறது. அது எந்த வாயுவினால் உண்டாகிறது என்று டீச்சரிடம் கேட்டேன். அவர் சீத்தையின் விலையை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

மாமி ஒரு குற்றமும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை பதுளைக்குத் திரும்பிப் போகிறேன். வாப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சம்மதம் என்று எழுதினால் அது பொய். சம்மதமில்லை என்று எழுதினால், பயிற்சி முடித்து வரும்போது டிப்போவில் கிடைக்க இருக்கும் போர்மன் வேலையை நான் கெடுத்தவளாவேன். இரண்டு விதமாகவும் எழுதிக் கிழித்தேன். கையெழுத்தைப் போடுங்கள்.

போட்ட பிறகு, மத்தியானங்களில் யன்னலைச் சாத்திக்கொண்டு அறைக்குள்ளேயே இருங்கள். கைக்குட்டைகள் தைத்து அனுப்புகிறேன், நீங்களே நனைத்துக்கொள்ளுங்கள். நடக்க வேண்டுமென்றால் வெயில் நன்றாக இறங்கிய பிறகு, தனியாக நடங்கள். வெயில் நேரத்தில் வெளியே போகாமல் இருப்பதுதான் இதற்கு மருந்து என்று டீச்சரே சொன்னார். தனியாக என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

உங்கள் நெஞ்சில் அந்தக் காற்று தங்காமல், போனபடியே உங்களை என்னிடம் கொண்டுவந்து சேர்க்க அல்லாஹ்விடம் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

வஸ்ஸலாம்.

உங்கள்,
றஷீதா