சங்கக்கடைத் துணி

செவ்வாய். காலையிலேயே வெயில்.

இல்லை யோகம், நான் சொன்னதிலை ஒரு பிழையுமில்லை. நீர் தேத்தண்ணியை வைச்சிட்டு வேலிப் பொட்டுக்குள்ளாலை உம்மடை வளவுக்குப் பறந்தால் நான் தோத்ததோ?

ரேடியோவில் சொன்னது இதுதான். பல நாடுகள் சேர்ந்து போட்ட வியாபார ஒப்பந்தத்திலிருந்து ஒரு நாடு விலகிவிட்டதாம். நாங்கள் தைக்கும் உடுப்பை வாங்குகிற நாடு. இனி அங்கே வரி கூட.

நான்: "விலகட்டும். எழுபதுகளிலை நாங்களும் நாட்டின்ரை கேற்றை இறுக்கிப் பூட்டினனாங்கள். வெளி மிளகாய் இல்லை, வெளி வெங்காயம் இல்லை. எங்கடை தோட்டக்காரன் ராசா!"

யோகத்தின் மகள் வதனி அச்சுவேலிப் பக்கம் காமன்றில், உடுப்புத் தொழிற்சாலையில், தைக்கிறாள். அது தெரியாமல் சொன்னதில்லை. மச்சாளைச் சீண்டத்தான் சொன்னேன். கெட்ட வாய்.

மிளகாய்க்குத் தண்ணீர் விடவில்லை.

வியாழன். மப்பு. மழை இல்லை.

நெல்லியடி. பிரஷர் குளிசை, மண்வெட்டிப் பிடி, பழப்புளி. மறந்தது பழப்புளி.

பஸ்ஸில் இரண்டு காமன்ற் பெட்டைகள்:

"எங்கடை லைன் நிப்பாட்டியாச்சடி."

"நிப்பாட்டேக்கை கையிலை என்ன தந்தவை?"

"கப்பல் ஏறாத சேட்டு!"

பின்னேரம் வதனி எனக்கும் அப்படி ஒரு சேட்டுக் கொண்டுவந்தாள். நீலக் கட்டம். "பெரியப்பா, அம்மாவும் இதைப் போட்டுக்கொண்டுதான் தோட்டத்திலை நிக்கிறா." சிரித்தாள். அவளுடைய லைனும் நின்றுவிட்டது; திங்கள் கொழும்புக்கு வேலைக்குப் போகிறாளாம். யோகம் தனிய. நானும் மனிசி போனபிறகு தனியத்தான்.

பூட்டின காலத்தில் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு வந்ததுதான் துணி. ஆம்பிளைகளுக்கு வெள்ளை. பொம்பிளைகளுக்குச் சிவப்புப் பூப்போட்ட சீத்தைத் துணி. யோகத்துக்குப் பாவாடை, மாமிக்குச் சட்டை, மிச்சம் ஜன்னலுக்கு. நான் அதே சீத்தையில் சேட்டு தைத்துப் போட்டுத் தேருக்குப் போனேன். பெடியள் ஊளை. யோகம் ஒரு மாதம் கதைக்கவில்லை. வெள்ளை முடிந்துவிட்டது என்று சத்தியம் பண்ணினேன். பொய். சங்கக்கடை மனேச்சருக்கு ஒரு கடகம் வெங்காயம் கொடுத்துத்தான் அந்தச் சீத்தையை வாங்கினது. பிறகு அவளுக்கு வேறிடத்தில் கலியாணம், எனக்கு வேறிடத்தில்.

ஞாயிறு. காற்று. முதுகுப் பிடிப்பு.

நீலக் கட்டச் சேட்டோடு வேலிப் பொட்டடியில் போய் நின்றேன். அந்தப் பக்கம் யோகம், அதே சேட்டில்.

"என்ன யோகம், திரும்பவும் சங்கக்கடையோ?"

"பகிடி விடாதேங்கோ அத்தான். பூட்டினால் நல்லமெண்டு சொன்னனீங்கள். நாளைக்குப் பிள்ளை போனால் பூட்டுப்படுறது என்ரை வீடுதான்."

வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அந்தக் காலம் நல்லமெண்டது மிளகாய் விலைக்கில்லை, யோகம். தேருக்குப் போட்ட அந்தச் சேட்டு... வெள்ளை முடியேல்லை. உம்மடை பாவாடைத் துணியெண்டு கேட்டுத்தான்..."

"அம்மா, பயணப் பாக்கின்ரை ஸிப் இழுபடேல்லை!" உள்ளே வதனி.

"வாறன் பிள்ளை."

ஏன் கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வாழைகளுக்குள்ளால் நீலக் கட்டம் போய்க்கொண்டிருந்தது.