கூடுதலாகக் கிடைத்த ஒன்றரை மணி நேரம்

1944 மார்ச் 11, சனிக்கிழமை. டோக்கியோ நேரம் பிற்பகல் 3.10, பழைய நேரத்துக்கு 1.40. போன வருஷம் மே மாதம் ஜோகூருக்குப் போகும் உட்லண்ட்ஸ் பாலத்தடியில் ஜப்பான்காரனிடம் பிடிபட்டு, ரயில்பாதை போடச் சயாமுக்கு ரயிலேற்றப்பட்டவர்கள் பதினெட்டுப் பேர். இன்று திரும்பி வந்திருப்பவர் ஒருவர். அது நீங்கள் இல்லை, மச்சான்.

வந்தவர் பெயர் முனியாண்டி. உங்களோடு பிடிபட்டவர், பக்கத்து எஸ்டேட்டுக்காரர். சிராங்கூன் ரோட்டுச் சந்தில் என் அறையை நீங்கள் அடையாளம் சொல்லிவைத்திருந்ததால், கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்தார். இப்போது என் பாயில் படுத்திருக்கிறார். இடது காலில் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை புண். அதன் நாற்றம் அறை முழுக்க நிற்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்தேன், போகவில்லை. சயாமில் நீங்கள் இருந்த கொட்டகையிலும் இதே நாற்றம்தானாம். உங்களுக்குப் புண் இல்லை, காலராவாம். மழைக்காலத்தில், ஒரே நாளில். அவர் சொன்னதை இவ்வளவுதான் எழுத முடிகிறது.

நான் எழுத உட்கார்ந்தது அதைப் பற்றி அல்ல. நீங்கள் பட்டணம் பார்க்க வந்த அந்த ஒரு நாளைப் பற்றி.

எஸ்டேட் மரவள்ளிக்கிழங்கு லாரியில் மூட்டைமேல் உட்கார்ந்து வந்தீர்கள். டோக்கியோ நேரம் பத்து மணிக்குத் தேக்கா சந்தையில் இறங்கினீர்கள். ஜோகூரில் இருபது வருஷமாக ரப்பர் மரத்தில் பால் வெட்டியும் பாலம் தாண்டியதில்லை. எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணி கொடுத்த பாஸ் ஒரே நாளுக்கு. "சாயந்தரம் அஞ்சு மணிக்கு லாரி கெளம்பிரும், இங்கேயே வந்து நில்லுங்க" என்று டிரைவர் சொல்லிவிட்டு மூட்டை இறக்கப் போய்விட்டார்.

நான் முதல் நாளே திட்டம் போட்டு வைத்திருந்தேன். ஆறு இடம், ஒவ்வொன்றுக்கும் இத்தனை நிமிஷம், நடக்க இத்தனை, பஸ்ஸுக்கு இத்தனை. தாளை நீட்டினேன். நீங்கள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"இதுல உக்கார்றதுக்கு எங்க மாப்ள எழுதியிருக்கே?"

"உட்கார்றதுக்கு எஸ்டேட்ல இடம் இருக்குல்ல? நடங்க."

முதலில் மியூசியம். காவலாளிக்குக் குனிந்துவிட்டு உள்ளே போனோம். நான் குனிந்தது போதவில்லை என்று அவன் என்னைத் தடுத்து இன்னொரு முறை குனியவைத்தான். உள்ளே போனதும், "கங்காணிக்குக் குனிஞ்சு குனிஞ்சு எனக்கு இடுப்பு பழகிருச்சு. நீ படிச்சவன், ஒனக்கு இடுப்பே வளையல" என்றீர்கள். எனக்குக் கோபம். உங்களுக்குச் சிரிப்பு.

கூரையிலிருந்து தொங்கிய திமிங்கில எலும்புக்கூட்டின் கீழே நீங்கள் நின்றுவிட்டீர்கள். நான் ஒதுக்கியது இருபது நிமிஷம். நீங்கள் தலையிலிருந்து வால்வரை நடந்து, வாலிலிருந்து தலைக்கு வந்தீர்கள்.

"இத்தாம் பெரிய ஒடம்ப வச்சுக்கிட்டு இதுக்குச் சாவுறதுக்கு என்ன கேடு மாப்ள?"

"எல்லாம் சாகும். வாங்க, நேரமாகுது."

முனியாண்டி இன்று சொன்னார்: அந்தத் திமிங்கிலத்தைக் கொட்டகையில் எல்லாருக்கும் தெரியுமாம். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அதன் நீளம் கூடிக்கொண்டே போனதாம். எனக்கு அளவு தெரியும், பலகையில் பார்த்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

அப்புறம் தலையில் கோல் மாட்டிய மின்சாரப் பஸ். கம்பியில் ஓடுவது என்ன என்று கேட்டீர்கள். வோல்ட், ஆம்பியர் என்று ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மரத்துல வெட்டுன கோட்டுல பால் எறங்குற மாதிரின்னு சொல்லிட்டுப் போயேன்" என்றீர்கள். பக்கத்தில் இருந்த சீனக் கிழவருக்குத் தமிழ் புரிந்ததோ என்னவோ, அவரும் தலையை ஆட்டினார். தொழிற்பள்ளியில் மூன்று வருஷம் படித்தவன் நான். உங்கள் விளக்கம்தான் சரியாக இருந்தது என்று ஒப்புக்கொள்ளப் பத்து மாதம் ஆகியிருக்கிறது.

பாடாங் மைதானம், கடற்கரை, ஆற்றுப் பாலம், அதன் கீழே முடங்கிக் கிடந்த படகுகள். ஆறு இடமும் முடிந்தபோது மணிக்கூண்டில் மணி நான்கு. நீங்கள்தான் முதலில் பார்த்தீர்கள்.

"நாலாச்சு மாப்ள. பாத்த வரைக்கும் போதும், லாரிகிட்ட போயிருவோம்."

இந்த இடத்தில்தான் நான் கணக்குப் போட்டேன்.

ஜப்பான்காரன் வந்ததும் ஊர்க் கடிகாரங்களை எல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி டோக்கியோ நேரம் ஆக்கிவிட்டான். ஆனால் தீபாவளிக்கு எஸ்டேட்டுக்கு வந்தபோது நானே பார்த்தேன்: காலைப் பெரட்டுக்கு ஆள் எண்ணுவதிலிருந்து மாலைச் சங்குவரை எல்லாம் பழைய நேரத்தில்தான் நடந்தது. ஆகவே எஸ்டேட் டிரைவர் சொன்ன ஐந்து மணி பழைய ஐந்து. டோக்கியோ நேரத்துக்கு ஆறரை. நமக்கு ஒன்றரை மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது.

"அது அவன் மணி மச்சான். உங்க லாரி நம்ம மணியில ஓடுது. ஆறரை வரைக்கும் கவலையில்ல."

"எதுக்கும் டிரைவர ஒரு வார்த்தை கேட்டுருவோமே. போய்ட்டு வர்ற தூரந்தானே."

"கேட்கவே வேணாம். கணக்குப் போட்டாச்சு."

அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் எதற்குச் செலவிட்டேன்? நான் வேலை பார்க்கும் மின்நிலையத்தை உங்களுக்குக் காட்ட. துறைமுகம்வரை இழுத்துக்கொண்டு போனேன். வெளியாளை உள்ளே விட மாட்டார்கள் என்பது எனக்கே தெரியும். முள்வேலிக்கு இந்தப் பக்கம் நின்று புகைபோக்கிகளைக் காட்டினேன். நிலக்கரி இல்லாமல் அன்று ஒன்றில் மட்டும் புகை. டர்பைன் எந்தச் சுவருக்குப் பின்னால், என் மீட்டர் பலகை எந்த ஜன்னலுக்குப் பின்னால் என்றெல்லாம் கையை நீட்டிக்கொண்டே இருந்தேன். நீங்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் "அப்படியா" என்றீர்கள். அவ்வளவு நேரம் யாரும் என் வேலையைப் பற்றிக் கேட்டதில்லை.

தேக்காவுக்கு ஆறு பத்துக்கு வந்து சேர்ந்தோம். இருபது நிமிஷம் மிச்சம் என்று பெருமையாகச் சொன்னேன்.

லாரி நின்ற இடத்தில் கிழங்குத் தோல் மட்டும் கிடந்தது. கீரை விற்ற அம்மாள் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "அஞ்சு மணிக்கே போய்ட்டான்யா. ஒங்களுக்காகக் கால் மணி நேரம் கத்திக்கிட்டுக் கெடந்தான்." பிறகுதான் எனக்குத் தெரிந்தது: தீபாவளிக்கு அப்புறம் எஸ்டேட்டுக்குப் புது மேலாள் வந்து, பெரட்டு முதற்கொண்டு எல்லாவற்றையும் டோக்கியோ நேரத்துக்கு மாற்றியிருக்கிறான். உங்களுக்கு அது தெரியும். நான் அவ்வளவு உறுதியாகச் சொன்னதால், படித்தவன் சொல்கிறான் என்று விட்டுவிட்டீர்கள்.

நான் அங்கேயே நின்று மறுபடி கணக்குப் போட்டேன். கூட்டல் கழித்தலில் தப்பில்லை.

நீங்கள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "விடு, வேணும்னா செஞ்ச? அக்காகிட்ட நாந்தான் பராக்குப் பாத்து லாரிய விட்டுட்டேன்னு சொல்லிக்கிறேன். நீ அவ வாயில விழாத" என்றீர்கள்.

மறுநாள் காலை பாலம்வரை போகும் விறகு லாரி ஒன்றில் உங்களை ஏற்றினேன். பாஸ் முந்தின நாளோடு முடிந்துவிட்டது. "நீயும் வந்தீன்னா சாவடியில பேச ஒரு ஆளாச்சு" என்றீர்கள். எனக்கு ஏழு மணிக்கு வேலை முறை. மின்நிலையத்துக் கைப்பட்டை என் சட்டையிலேயே குத்தியிருந்தது. அதில் ஜப்பான் எழுத்து இருக்கிறது. அதைக் காட்டியிருந்தால் உட்லண்ட்ஸில் உங்களை விட்டிருக்கலாம். விடாமலும் போயிருக்கலாம். இதற்குக் கணக்குப் போட வழியில்லை. போட்டுத்தான் பார்க்கிறேன், பத்து மாதமாக.

நீங்கள் சாவடியில் பிடிபட்ட சேதி தெரிந்து, ஒரு வாரம் கழித்து எஸ்டேட்டுக்குப் போனேன். அக்கா அடுப்படியிலிருந்து எழுந்து வரவில்லை. "பட்டணம் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. பாத்துக்கிட்டே நின்னுட்டாராக்கும். பெண்டாட்டி ஒருத்தி இங்க இருக்கான்னு நெனப்பு வேணாம்?" என்றாள். நான் வாய் திறந்திருக்க வேண்டிய இடம் அது. "நேரம் போனதே தெரியல அக்கா" என்றேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை. அவள் உங்களைத் திட்டிக்கொண்டே எனக்குக் கஞ்சி ஊற்றினாள். குடித்தேன்.

அதற்குப் பிறகு நான்கு முறை போய்விட்டேன். நான்கு முறையும் அவள் உங்களைத் திட்டினாள். நான் நான்கு முறையும் குடித்தேன்.

முனியாண்டி நாளை அவளைப் பார்க்கப் போக வேண்டும். கடைசியில் நீங்கள் சொல்லியனுப்பியது இதுவாம்: "லாரிய விட்டது என் தப்பு, மச்சினன்மேல ஒண்ணும் இல்லன்னு அவகிட்டச் சொல்லிரு." சொல்லிவிட்டு முனியாண்டி என்னைக் கேட்டார்: "சாவு சேதிய நான் சொல்லவா தம்பி, நீங்க சொல்றீங்களா? நான் சொன்னா அவரு சொன்னபடியேதான் சொல்வேன். செத்தவன் வாக்கு."

அவரைச் சொல்லவிட்டால் என் காரியம் முடிந்தது. செத்தவர் வாயாலேயே எனக்கு விடுதலை. அக்கா உங்களுக்காக அழுவாள், அழுதுகொண்டே உங்களைத் திட்டுவாள், சாகும்வரை. கஞ்சி எனக்குக் கிடைத்துக்கொண்டிருக்கும்.

உங்களிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது பொருள் எதுவும் இல்லை. "எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுருவோமே" என்ற குரல் ஒன்றுதான். மீட்டர் பார்க்கும்போதும் வருகிறது, பஸ்ஸுக்கு நிற்கும்போதும் வருகிறது. நான் பதில் சொல்வதில்லை. சொன்ன பதில்தான் தெரியுமே.

உண்மையைச் சொன்னால் எதுவும் சரியாகப் போவதில்லை. நீங்கள் வரப் போவதில்லை, அவள் மன்னிக்கப் போவதும் இல்லை. தெரிந்துதான் எழுதுகிறேன். செய்யப் போவது:

1. நாளைக் காலை முறைக்கு வேறு ஆளைப் போடச் சொல்வது. மாட்டேன் என்றால் சொல்லாமல் போவது.

2. முனியாண்டியைத் தூக்கிக் கிழங்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போவது. உட்லண்ட்ஸ் சாவடியில் கைப்பட்டையோடு நான் முதலில் இறங்குவது. அவரையாவது அக்கரை சேர்ப்பது.

3. அவர் வாய் திறப்பதற்கு முன் அக்காவிடம் நீங்கள் இல்லை என்று சொல்வது.

4. அவள் அழுது முடிக்கட்டும் என்று காத்திராமல், அதே மூச்சில் லாரி போனது என்னால் என்று சொல்வது. காத்திருந்தால் சொல்லாமல் திரும்பிவிடுவேன்.

5. நீங்கள் சொல்லியனுப்பியதையும் சொல்வது. அது எனக்காகச் சொன்ன பொய் என்பதையும்.

6. போ என்றால் போவது. ஒன்றும் சொல்லாவிட்டால் வாசலில் நிற்பது. அவள் கஞ்சி கொடுத்தால் குடிக்காமல் இருப்பது.