1.24 வோல்ட்

மார்ச் 3, செவ்வாய்

இன்று இரண்டு லிஃப்ட் ரிப்பேர் பார்த்தேன். இரண்டிலும் கதவுதான் தகராறு. வீட்டுக்கு வந்தால் இவள் கம்ப்யூட்டர் முன்னால் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பஸ் நிறுத்தத்தில் ஜனங்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பதுதான் என் மனைவியின் பிஎச்.டி. ஆராய்ச்சி. நாலு வருஷமாக நடக்கிறது. ஒரு தடவை கணக்கை ஓடவிட்டால் விடை வர ஒன்பது மணி நேரம்.

“பஸ் வரலன்னா காத்திருக்காங்க. இதுக்கு ஒன்பது மணி நேரமா?” என்று கேட்டேன். ராத்திரி சாப்பாட்டை நானே போட்டுக்கொண்டேன்.

மார்ச் 5, வியாழன்

மச்சான் வந்திருந்தான். இவள் தம்பி. அவன் கம்ப்யூட்டரிலும் இவளுடைய அதே பிராசசர்தான். அதை ஓவர்கிளாக் செய்திருக்கிறானாம், அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிறான். வேகம் கூடினால் வோல்ட் கூடத் தர வேண்டும். வோல்ட் கூடினால் சூடு கூடும். குறைந்த வோல்ட்டில் அதிக வேகம் எடுப்பவன் கெட்டிக்காரன்.

“5.1 கிகாஹெர்ட்ஸ்ல ஓட்டுறேன் மாமா. வெறும் 1.25 வோல்ட். உங்களுக்கு இதெல்லாம் எதுக்கு, விடுங்க” என்றான்.

அப்படி ஓட்டினால் இவளுக்கு ஒன்பது மணி நேரம் எட்டாகும். இதை முதல் காரணமாக எழுதி வைக்கிறேன். இரண்டாவது காரணம், அந்த “விடுங்க”.

மார்ச் 7, சனி

இவள் நூலகம் போய்விட்டாள். நான் உட்கார்ந்தேன். வேகத்தை 5.1-ல் வைத்து, வோல்ட்டை 1.32-ல் ஆரம்பித்தேன், சூடு தொண்ணூற்று மூன்று டிகிரி. 1.30. 1.28. ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் பிராசசரை முக்கவைக்கும் டெஸ்ட். 1.23-க்கு வந்ததும் நீலத் திரை போட்டுப் படுத்துக்கொண்டது. ஒரு படி ஏற்றி 1.24 வைத்தேன். முழுசாக ஒரு மணி நேரம் தாங்கியது. பாஸ்.

இதற்கு மேல் கொஞ்சம் கூட்டி வைப்பது நல்லது என்று இன்டர்நெட்டில் எல்லோரும்தான் எழுதியிருக்கிறார்கள். கூட்டினால் 1.25-க்கு மேல் போய்விடுமே!

மச்சானுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது. வயிற்றெரிச்சல், வேறென்ன.

இவளிடம் சொல்லவில்லை. வேகத்தைப் பார்த்து அவளே கேட்கட்டும்.

மார்ச் 10, செவ்வாய்

எட்டு மணி நேரத்தில் முடிந்தது. அவள் கவனிக்கவே இல்லை.

மார்ச் 13, வெள்ளி

போன மாதக் கணக்கு ஒன்றைச் சரிபார்க்க மறுபடி ஓட்டியிருக்கிறாள். அதே கணக்கு, அதே எண்கள். அப்போது சராசரிக் காத்திருப்பு 11.4 நிமிஷம் என்று வந்தது, இப்போது 12.9 என்று வந்திருக்கிறது.

“அப்படி வரவே கூடாதுங்க. நான் எழுதின புரோகிராம்லதான் எங்கயோ ஓட்டை” என்றாள்.

கம்ப்யூட்டர் நிற்கவில்லை. நீலத் திரை வரவில்லை. அப்படியானால் என் பக்கம் ஒன்றுமில்லை. அதுதானே நியாயம்?

மார்ச் 15, ஞாயிறு

நாற்பது பக்கம் அச்செடுத்துச் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பி, பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தட்டிப் பார்க்கிறாள். சரியாகச் சாப்பிடவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன்.

“நாலு வருஷமா தப்பாவே பண்ணிட்டிருந்தேனா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். என்னைப் பார்த்து!

“பஸ் எப்ப வரும்னு யாருக்குத்தான் தெரியும்” என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

மார்ச் 16, திங்கள்

சொல்லிவிடலாமா? டெஸ்ட்தான் பாஸ் ஆகிவிட்டதே — என்னவென்று சொல்வது?

மார்ச் 17, செவ்வாய்

ஒரு அலுவலகக் கட்டடம். லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் தளத்துக்கு நாலு விரற்கடை கீழே நிற்கிறது. ஒரு அம்மா தடுக்கி விழுந்து முழங்கால் பெயர்ந்துவிட்டதாம். காவலாளிக்குப் பத்து நாளாகத் தெரியும்.

“ஓடிட்டுத்தான சார் இருந்துச்சு” என்கிறான்.

“ஓடினா ஆச்சா? சரியான இடத்துல நிக்க வேணாமா? கண்ணு எங்கய்யா வச்சிருந்த?” என்று நான் போட்ட சத்தத்தில் மாடிப்படியில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். பாதித் திட்டில் நிறுத்திக்கொண்டேன். காவலாளி தன் கெஞ்சலில்தான் நான் அடங்கினேன் என்று நினைத்துக்கொண்டான்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன். அவள் வீட்டில் இல்லை. கால் மணி நேரத்தில் முடிகிற மாதிரிக் கணக்கு ஒன்று வைத்திருக்கிறாள். அதை 1.24-ல் ஐந்து தடவை ஓட்டினேன். நாலு விடை ஒன்றுபோல, ஒன்று வேறு. எல்லாவற்றையும் கம்பெனி வைத்தபடி மாற்றி மறுபடி ஐந்து தடவை. ஐந்தும் ஒன்றே.

சொல்லத் தயாராக வாசலுக்கு வந்தேன். அவள் உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக, “கைடுக்கு மெயில் போட்டுட்டேன். அந்த 11.4 இருக்கற மூணாவது அத்தியாயத்தை எடுத்துடுறேன்னு” என்றாள்.

ஐயோ. வாயைத் திறக்க எனக்கு என்ன கேடு? அப்போதாவது திறந்தேனா? இல்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் — இல்லை.

மார்ச் 18, புதன்

சொல்லிவிட்டேன். காலையில், அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது. ஒரு கால் செருப்போடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எப்ப மாத்துனீங்க?”

“ஏழாம் தேதி.”

“ஞாயித்துக்கிழமை நான் உங்ககிட்ட கேட்டப்ப தெரியுமா?”

“சந்தேகம் இருந்துச்சு.”

கத்தியிருக்கலாம். கத்தவில்லை. “எனக்கு என் மேலயே நம்பிக்கை போயிடுச்சுங்க. நீங்க பக்கத்துல நின்னு டீ போட்டுக் குடுத்தீங்க” என்றாள். இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அசிங்கமாக இருக்கிறது. வேறு எப்படியும் எழுதத் தெரியவில்லை.

மார்ச் 19, வியாழன்

மச்சானுக்குப் போன் போட்டேன். “அதுவா மாமா, நான் போன மாசமே பழையபடி மாத்திட்டேன். விளையாடும்போது பொசுக்குனு அணைஞ்சு போச்சு.”

“அன்னைக்கு ஓட்டுறேன்னு சொன்னியேடா!”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

திட்டலாம் என்றுதான் இருந்தேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு?

மார்ச் 21, சனி

பழைய வேகம். ஒன்பது மணி நேரம். 11.4.

விடையை அச்செடுத்த தாளை அவள் ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு கைடுக்கு எழுதினாள். என்ன காரணம் சொன்னாய் என்று கேட்டேன். “கம்ப்யூட்டர் கோளாறு” என்றாள். என்னை அதில் சேர்க்கவில்லை. அத்தியாயத்தை எடுக்க வேண்டாம், ஏழாம் தேதிக்குப் பிறகு ஓட்டிய ஆறு கணக்கையும் திரும்ப ஓட்டி மாதக் கடைசிக்குள் கொடு என்று கைடு பதில் போட்டிருக்கிறார். ஆறு ஒன்பது ஐம்பத்து நாலு மணி நேரம்.

மார்ச் 30, திங்கள்

கொடுத்துவிட்டாள். வீட்டில் பேச்சு, “பால் வாங்கணும்”, “சாவி எடுத்துக்கோங்க”. அவ்வளவுதான்.

ஏப்ரல் 11, சனி

காலையில் அவளே வந்து நின்றாள். “அடுத்த கட்டுரைக்கு முப்பது தடவை ஓட்டணும். நியாயமா எவ்வளவு வேகம் கூட்டலாம்?”

என்னை ஆழம் பார்க்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். 4.8 போதும் என்றேன். 1.27 வோல்ட் என்றேன். “இன்னும் கொஞ்சம் குடுங்க” என்றாள். 1.30. நின்றதா ஓடியதா என்பதெல்லாம் அவளுக்குக் கணக்கில்லை. மாதிரிக் கணக்கை இருபது தடவை ஓட்ட வேண்டும். இருபது விடையும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் பழையபடி மாற்றிவிட வேண்டும்.

நான் ஓட்டினேன், அவள் விடையை எழுதிக்கொண்டாள். மதியம் எழுந்து சாப்பிட்டோம், ஒன்றாகவே. சாயங்காலம் இருபது முடிந்தது. இருபதும் ஒன்றே.

“போதுமா?” என்றேன்.

தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இன்னொண்ணு ஓட்டுங்க” என்றாள்.

ஓட்டினேன்.