மாடிப் பெட்டிக்குக் கோழிவலை

ஜூலை 6, ஞாயிறு
பழைய குற்றாலத்தில் நல்ல கூட்டம். என் மகன் குமரகுரு மாடியில் வைத்துவிட்டுப் போன பெட்டியை இன்று குரங்கு வந்து ஆட்டிப் பார்த்தது. எட்டு ஆன்டெனாவில் ஒன்று வளைந்துவிட்டது. அவன் தவறிப்போய் ஐம்பத்திரண்டு நாள். பெட்டியாவது இருக்கட்டும் என்று கோழிவலை வாங்கி, சுற்றியும் மேலேயும் இறுக்கிக் கட்டினேன்.

ஜூலை 9
தென்காசியிலிருந்து ஜோயல் போன் செய்தான். மகனோடு படித்தவன். இப்போது பெட்டியை அவன்தான் பார்க்கிறான். அருவிப் பாதைக் கடைகளில் பெட்டிக்குச் செய்தி அனுப்பும் சின்னக் கருவி இருபது வைத்திருக்கிறார்கள். இருபதும் ஒரே நேரத்தில் பேசினாலும் பெட்டி தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளும். கூட்டம் குறைந்தால் ஆன்டெனாக்களைத் தூங்க வைத்துக் கரண்டை மிச்சம் பிடிக்கும். அதுதான் குமரகுரு யோசித்தது.

"ஒயர் வழியா பாத்தா மூணு நாளா எட்டும் தூங்குதும்மா. ஒரு கடையும் அதுக்குக் கேக்கல. அவன் போட்ட கணக்குலதான் தப்புன்னு எங்க காலேஜ் சார் சொல்லுதாரு. ஆடி அமாவாசைக் கூட்டத்துக்குள்ள சரியாகலேன்னா கழட்டிருவோம்."

தப்பா? எம்புள்ளையா?

ஜூலை 10
மாடிக்கு ஏழு தடவை ஏறி இறங்கினேன். எதற்கென்று தெரியவில்லை.

ஜூலை 12
எண்ணெய்க்கடை பாலம்மாளுக்குப் போன் போகவே இல்லை. நேரில் போனேன். மழைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே இருந்தாள்.

"இரும்பை இறக்கிட்டா போன் செத்துரும்லா. ஒனக்குத் தெரியாதாட்டி?"

வலையும் இரும்புதானே.

ஜூலை 13
ஜோயலிடம் சொன்னால் வலையைப் பிரிக்கச் சொல்வான். பிரித்தால் குரங்கு பிய்த்துப் போடும். என் பிள்ளை கையால் முடுக்கின ஆணியெல்லாம் அதில்தான் இருக்கு. சொல்லாவிட்டால் – தப்பு அவன் பேரில் நிற்கும்.

ஜூலை 14
ஜோயலிடம் சொல்லிவிட்டேன். "கோழி வளக்கவாம்மா அதை வச்சோம்?" என்றான். பிறகு அவனே அழுதான். வலையைப் பிரித்தேன். பத்து நிமிஷத்தில் ஏழு முழித்துவிட்டதாம். வளைந்ததை வந்து நிமிர்த்துகிறானாம்.

ஜூலை 24, ஆடி அமாவாசை
காலையிலிருந்து கம்போடு மாடியில். சாரல். அண்ணன் தாணுமாலயன் தெருவில் நின்று கூப்பிட்டார். "ஊரே அருவிக்குப் போகுது. குரங்கு மேய்ச்சது போதும், வந்து தலை முழுகு."

போகவில்லை.

ஜூலை 26
ஜோயல் போன் செய்தான்.
"இருபது கடையும் ஒண்ணா பேசியும் எட்டும் தாங்கிட்டும்மா. கூட்டம் கலைஞ்சதும் ஆறு தானா தூங்கிட்டு. பேட்டரி பாதி மிச்சம். கணக்குல தப்பே இல்லேன்னு சாரே எழுதிட்டாரு."

அடுத்து ஐந்தருவியில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். பெட்டியை எடுத்துப் போகட்டுமா என்று கேட்டான். அங்கே குரங்கு இங்கே இருப்பதைவிட அதிகம்.

வண்டி எத்தனை மணிக்கு வரும், அதில் எனக்கும் இடம் இருக்குமா என்று கேட்டேன்.